விதி இரண்டு

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

உலகில் நேர்ந்த பெரும் விபத்துக்களைப் பற்றிச் சில சொற்கள் கூறுமாறு நம் செயலாளர் அவர்கள் பணித்தபோது நாம் சற்றே தயங்கினோம். ஆட்டமும் பாட்டுமாகக் கழிய வேண்டிய விழா நாளில் சாவையும் அழிவையும் பற்றிப் பேசுவது பொருந்துமா என்னும் ஐயம் எழுந்தது. ஆனால் சிந்தித்துப் பார்க்குங்கால், இந்தக் காலனியைப் போல் இப்பொருளைக் கேட்க உரிமையும் தேவையும் உடைய இடம் வேறில்லை என்றே தோன்றியது. இங்கு வாழும் குடும்பங்களில் பெரும்பாலானவை இருப்புப்பாதையால் பிழைப்பவை. நம் வீடுகளில் ஒருவர் டிரைவர், ஒருவர் கார்டு, ஒருவர் பாயிண்ட்ஸ்மேன், ஒருவர் பாதை காக்கும் கீமேன். நள்ளிரவில் அபாயச் சங்கு ஒலித்தால் விளக்கேற்றி வாசலுக்கு வருபவர்கள் நம் தாய்மார்கள்தாம். நாம் பொறியியல் கற்றவர் அல்லோம். பள்ளியிறுதித் தேர்வோடு படிப்பை முடித்துக்கொண்டு, அலுவலகத்தில் கோப்புக் கட்டுகளோடு காலங்கழிக்கும் எழுத்தரே. எனினும் எழுத்தருக்கும் ஒரு நன்மை உண்டு. விதிப் புத்தகங்கள் அவர் மேசை வழியாகவே போய் வருகின்றன. அவற்றைப் புரட்டிப் பழகியதால் தோன்றிய எண்ணங்களையே இங்கு கூற விழைகின்றோம்.

தமிழில் ‘விதி’ என்னும் சொல்லுக்குப் பொருள் இரண்டு. ஒன்று, தலையில் எழுதப்பட்டது என்று நாம் சொல்லும் ஊழ். மற்றொன்று, தாளில் எழுதப்பட்ட சட்டம். பெரும் விபத்து ஒன்று நேர்ந்த மறுநாள் ஊரார் கூடி, “எல்லாம் விதி” என்று முதற்பொருளில் பேசிக் கலைகின்றனர். அதே விபத்தை ஆராயப் புகும் அறிஞரோ, “எந்த விதி மீறப்பட்டது? எந்த விதி இல்லாது போயிற்று?” என்று இரண்டாம் பொருளில் வினவுகின்றனர். முதலாவது விதியை எண்ணி அழுதவர்களால் உலகில் ஓர் உயிரும் காக்கப்படவில்லை. இரண்டாவது விதியை எழுதியவர்களாலும், எழுதியதை மறவாது காத்தவர்களாலும் எண்ணற்ற உயிர்கள் காக்கப்பட்டன. இந்த ஒரு கருத்தை நிலைநாட்டச் சில வரலாறுகளை உங்கள் முன் வைக்கின்றோம்.

முதலில் அயர்லாந்து நாட்டுக்குச் செல்வோம். 1889ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் நாள் அந்நாட்டின் அர்மா நகரிலிருந்து ஞாயிற்றுக்கிழமைப் பள்ளிக் குழந்தைகளையும் அவர்தம் பெற்றோரையும் ஏற்றிக்கொண்டு, கடற்கரைக்கு ஓர் உல்லாசப் பயண வண்டி புறப்பட்டது. ஏறத்தாழ 940 பேர், பதினைந்து பெட்டிகள். வழியில் செங்குத்தான ஏற்றம். எஞ்சினுக்கு வலிமை போதவில்லை. உச்சிக்குச் சிறிது தொலைவில் வண்டி நின்றுவிட்டது. பொறுப்பிலிருந்தவர்கள் ஒரு முடிவு செய்தனர். முன்பகுதியில் ஐந்து பெட்டிகளை மட்டும் எஞ்சின் அடுத்த நிலையத்துக்கு இழுத்துச் சென்றுவிட்டுத் திரும்புவது. எஞ்சிய பத்துப் பெட்டிகள் ஏற்றத்திலேயே நிற்பது. அந்தப் பத்துப் பெட்டிகளையும் பிடித்து நிறுத்த இருந்தவை பின் வண்டியின் கைப் பிரேக்கும், சக்கரங்களுக்கு அடியில் வைத்த சில கற்களுமே!

முன்பகுதி புறப்படும்போது சிறிது பின்னால் உருண்டு பின்பகுதியை இடித்தது. கற்கள் நொறுங்கின. குழந்தைகள் நிறைந்த பத்துப் பெட்டிகளும் சரிவில் பின்னோக்கி ஓடத் தொடங்கின. அதே பாதையில் அடுத்த வண்டி எதிரே ஏறி வந்துகொண்டிருந்தது. முன் வண்டி சென்று இருபது நிமிடம் ஆயிற்றா என்று கடிகாரத்தைப் பார்த்துப் பின் வண்டியை விடுவது அக்காலத்து முறை. முன் வண்டி எங்கே இருக்கிறது என்பதைக் கடிகாரம் எவ்வாறு அறியும்? மோதலில் எண்பது பேர் மாண்டனர். அவர்களில் பலர் பச்சிளங் குழந்தைகள். மற்றொரு செய்தியையும் மனத்தில் இருத்துங்கள். டிக்கெட் இல்லாதவர் ஏறிவிடக் கூடாது என்பதற்காகப் பெட்டிகளின் கதவுகள் வெளியே பூட்டப்பட்டிருந்தன. இச்செய்தியைப் பின்னர் ஒரு காரணம் பற்றி மீண்டும் நினைவூட்டுவோம்.

அர்மாவுக்கு முன் இதற்கெல்லாம் பரிகாரம் அறியப்படாமல் இருந்ததா என்றால், இல்லை. ஒரு பகுதியில் ஒரு வண்டி இருக்கும்வரை மற்றொரு வண்டியை அதில் நுழைய விடலாகாது என்னும் பிளாக் முறையும், பாதை சரியாக அமைந்தாலன்றிச் சிக்னல் இறங்காதவாறு இரண்டையும் பூட்டிவைக்கும் முறையும், வண்டி அறுந்தால் தானே பற்றிக்கொள்ளும் பிரேக்கும் முன்பே கண்டறியப்பட்டவை. அரசாங்க ஆய்வாளர்கள் ஆண்டுதோறும் அவற்றை வற்புறுத்தி வந்தனர். செலவு அதிகம் என்று கம்பெனிகள் தயங்கின. அர்மாவில் எண்பது உயிர்கள் போன பின்பு அதே ஆண்டில், மூன்று திங்களுக்குள், பிரிட்டிஷ் பாராளுமன்றம் இம்மூன்றையும் கட்டாயமாக்கிச் சட்டம் செய்தது. இன்று நம் வண்டிகளில் பெட்டிகளை இணைக்கும் குழாய் அறுந்தால் பிரேக் தானே பற்றுகிறதல்லவா? பெட்டிக்குள் அபாயச் சங்கிலியை இழுத்தால் வண்டி நிற்கிறதல்லவா? அவ்வசதியின் பின்னே அர்மாவின் குழந்தைகள் நிற்கின்றனர். விதிப் புத்தகத்தை வெறும் தாள்களின் தொகுப்பு என்று எண்ணாதீர்கள். அது மாண்டோர் நமக்கு எழுதி வைத்த சாசனம்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1956ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் வைகறைப் பொழுது. சென்னையிலிருந்து தூத்துக்குடி செல்லும் விரைவு வண்டி அரியலூரைக் கடந்து மருதையாற்றுப் பாலத்தை நெருங்கியது. பெருமழையால் ஆறு கரைபுரண்டு ஓடியது. வெள்ளம் பாலத்தைச் சிதைத்திருந்தது. எஞ்சினும் முன்னிருந்த பெட்டிகளும் ஆற்றில் வீழ்ந்தன. 140க்கும் மேற்பட்டோர் உயிர் துறந்தனர். அவ்வாண்டிலேயே சில திங்களுக்கு முன் மகபூப்நகர் அருகிலும் பாலம் ஒன்று இடிந்து பலர் மாண்டிருந்தனர். அப்போதே பதவி விலக முன்வந்த ரயில்வே அமைச்சர் லால்பகதூர் சாஸ்திரி அவர்கள், அரியலூருக்குப் பின் பொறுப்பேற்று விலகியே விட்டார். பாலத்தைக் கட்டியவர் அவரல்லர். அன்றிரவு பாதையைக் காத்தவரும் அவரல்லர். ஆயினும், “மழை பெய்தது, பாலம் போயிற்று, விதி” என்று கூறி அவர் தப்பிக்கவில்லை. தமிழகத்து மண்ணில் நிகழ்ந்த அந்த விபத்து, பொறுப்பு என்னும் சொல்லுக்கு இந்நாட்டில் ஓர் அளவுகோலை நட்டுச் சென்றது.

மழைக்காலத்தில் நம் காலனியிலிருந்து இரவு தோறும் சிலர் கையில் விளக்கும், சிவப்புக் கொடியும், வெடிச் சிமிழும் எடுத்துக்கொண்டு பாதை வழியே நடந்து செல்வதைக் காண்கிறீர்கள். ஒருவர் தம் எல்லைவரை நடந்து அடுத்தவரைச் சந்தித்துத் திரும்புவார். எங்கேனும் பாதை அரித்திருந்தால் தண்டவாளத்தின் மேல் வெடிச் சிமிழைப் பொருத்திவிட்டு விளக்கைக் காட்டிக்கொண்டு வண்டியை நோக்கி ஓடுவார். சக்கரம் ஏறியதும் சிமிழ் வெடிக்கும். டிரைவர் வண்டியை நிறுத்துவார். அந்த மனிதரின் பெயர் எந்தச் செய்தித்தாளிலும் வருவதில்லை. விபத்து நேராத இரவைப் பற்றி யார்தாம் எழுதப் போகிறார்? அவருடைய மழைக்கோட்டை உலர்த்திக் கொடுத்து, காலையில் கஞ்சி காய்ச்சி வைக்கும் இல்லத்தரசியும் அத்தனை பயணிகளின் உயிரைக் காத்ததில் பங்குடையவர் என்பதே நமது துணிபு.

ஆனால் மனிதன் எழுதும் விதிகள் அனைத்தையும் மிஞ்சி இயற்கை சீறும் நேரமும் உண்டு. 1964ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் இரவு, பாம்பனிலிருந்து தனுஷ்கோடி சென்ற பாசஞ்சர் வண்டியைப் புயலலை விழுங்கிற்று. நூற்றுக்கும் மேற்பட்ட பயணிகளும் ஊழியர்களும் மாண்டனர். தனுஷ்கோடி என்னும் ஊரே அழிந்தது. 146 கண்களையுடைய பாம்பன் பாலத்தில் 126 கண்கள் அடித்துச் செல்லப்பட்டன. இதனை ஊழ் என்று கூறினால் மறுப்பது எளிதன்று. ஆயினும் அதன் பின் நிகழ்ந்ததைப் பாருங்கள். ஈ. ஸ்ரீதரன் என்னும் இளம் பொறியாளரின் பொறுப்பில் அப்பாலம் 46 நாட்களில் மீண்டும் எழுந்தது. பிற்காலத்தில் அதில் காற்றளவி ஒன்றைச் சிக்னலோடு இணைத்து வைத்திருந்தனர். காற்று மணிக்கு 58 கிலோமீட்டர் வேகத்தை எட்டினால் சிக்னல் சிவப்பாகிவிடும். எந்த வண்டியும் பாலத்தில் ஏற முடியாது. புயலை நிறுத்த மனிதனால் இயலாது. புயலின் முன் வண்டியை நிறுத்த இயலும். ஊழ் என்று தோன்றிய இடத்திலும் சட்டத்துக்கு ஒரு வேலை இருந்தது. 1914இல் திறக்கப்பட்ட அப்பாலம் 2022ஆம் ஆண்டு இறுதிவரை வண்டிகளைத் தாங்கிற்று. அதன் அருகே கட்டப்பட்ட புதிய பாலம் 2025ஆம் ஆண்டு ஏப்ரலில் திறக்கப்பெற்றது.

விதி இருந்தால் மட்டும் போதுமா என்பது அடுத்த கேள்வி. டைட்டானிக் கப்பலின் கதையைச் சிறுவர்களும் அறிவர். 1912ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் இரவு அது பனிப்பாறையில் மோதி, விடிவதற்குள் மூழ்கிற்று. கப்பலில் இருந்தோர் சுமார் 2,200 பேர். மாண்டோர் சுமார் 1,500 பேர். உயிர்காப்புப் படகுகள் இருபது. அவற்றில் 1,178 பேருக்கே இடம். இவ்வளவு குறைவான படகுகளோடு கடலில் விட்டது சட்ட மீறல்தானே என்று நீங்கள் எண்ணலாம். அன்று! சட்டப்படி அக்கப்பலுக்குப் பதினாறு படகுகளே போதும். நான்கு மிகையாகவே இருந்தன. பத்தாயிரம் டன் கப்பல்களே பெரியவை என்றிருந்த காலத்தில் எழுதிய சட்டம், நாற்பத்தாறாயிரம் டன் கப்பல் வந்த பிறகும் திருத்தப்படாமல் கிடந்தது. கப்பல் வளர்ந்தது, விதி வளரவில்லை. அருகே மற்றொரு கப்பல் நின்றது. அதன் கம்பியில்லாத் தந்தி ஊழியர் வேலை முடித்து உறங்கிவிட்டார். பின்னர் 1914இல் பல நாடுகள் கூடி, எல்லோருக்கும் படகு வேண்டும் என்றும், தந்தி அறையில் இரவும் பகலும் ஆள் இருக்க வேண்டும் என்றும் உடன்படிக்கை செய்தன. பழைய விதியைப் பற்றிக்கொண்டு, “நாங்கள் சட்டப்படியே நடந்தோம்” என்று கூறுவது உயிரைக் காக்காது என்பதற்கு இது சான்று.

விதியும் இருந்து, கருவியும் இருந்து, கருவி உறங்கியதால் நேர்ந்த கொடுமை போபால். 1984ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் நள்ளிரவில் யூனியன் கார்பைடு தொழிற்சாலையின் தொட்டி ஒன்றினுள் நீர் புகுந்தது. அதிலிருந்த சுமார் நாற்பது டன் நச்சுப் பொருள் கொதித்து ஆவியாகி உறங்கும் நகரின் மேல் படர்ந்தது. சில நாட்களிலேயே ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். மூச்சுத் திணறலும் கண்ணோயும் எஞ்சியோரைப் பல்லாண்டு வாட்டின. அத்தொட்டியைக் காக்க ஏற்பாடுகள் இல்லாமல் இல்லை. நச்சுப் பொருளைக் குளிர்ச்சியாக வைக்கும் எந்திரம் உண்டு. அது பல திங்களாக நிறுத்தப்பட்டிருந்தது. கசியும் வாயுவைக் கழுவும் கோபுரம் உண்டு. அது ஆயத்த நிலையில் இல்லை. மிஞ்சியதை எரிக்கும் கோபுரமும் உண்டு. அதற்குச் செல்லும் குழாய் பழுதென்று கழற்றப்பட்டிருந்தது. வாயிலில் மூன்று காவலர், மூவரும் உறக்கம். திருடன் வந்தால் விதியின் மேல் பழி போடலாமா?

அதே போபாலில் அதே இரவில், நம்மவர் ஒருவரின் செயலையும் கூறாது விடலாகாது. நிலையத்தின் துணைக் கண்காணிப்பாளராக இருந்த குலாம் தஸ்தகீர் என்பார், நச்சுக் காற்றில் மூச்சுத் திணறும் நிலையிலும் பிளாட்பாரத்தில் பயணிகளோடு நின்ற விரைவு வண்டியைக் குறித்த நேரத்துக்கு முன்னரே புறப்படச் செய்தார். போபாலுக்கு வண்டி விட வேண்டாம் என்று அண்டை நிலையங்களுக்குச் செய்தி அனுப்பச் செய்தார். விடியும்வரை பயணிகளுக்கு உதவி நின்றார். அந்நச்சினால் விளைந்த நோய் அவரை வாழ்நாள் முழுதும் வருத்திற்று.

அவருக்கு 67 ஆண்டுகளுக்கு முன், கனடா நாட்டு ஹாலிபாக்ஸ் துறைமுகத்தில் 1917ஆம் ஆண்டு டிசம்பர் 6ஆம் நாள் இதே போன்று ஒருவர் நின்றார். வெடிமருந்து ஏற்றிய மான் பிளாங்க் என்னும் கப்பல் மற்றொரு கப்பலோடு மோதித் தீப்பற்றியது. கரையருகே இருந்த ரயில் நிலையத்தில் தந்தி அனுப்பி வண்டிகளை ஆளும் வேலை பார்த்தவர் வின்சென்ட் கோல்மன். கப்பலில் இருப்பது இன்னதென்று அறிந்து ஓடத் தொடங்கியவர், பயணிகள் வண்டி ஒன்று வந்துகொண்டிருப்பதை எண்ணித் திரும்பினார். வண்டிகளை நிறுத்துமாறு தந்தி அடித்தார். கப்பல் வெடித்தது, 1,700க்கும் மேற்பட்டோரோடு அவரும் மாண்டார். அவர் அனுப்பிய தந்தியே அழிவைப் பற்றி வெளியூருக்குச் சென்ற முதற் செய்தி. அதனால் உதவி விரைந்து வந்தது. இவ்விருவரும் படைத்தலைவர் அல்லர். நம்மைப் போல மாதச் சம்பளம் வாங்கியவர்கள். மேசையில் அமர்ந்து செய்யும் வேலையில் வீரத்துக்கு இடமில்லை என்று நம் இளைஞர் எண்ண வேண்டா.

இனிக் கூறப்போவது நமக்கு மிகவும் அண்மையிலுள்ளது. 2023ஆம் ஆண்டு ஜூன் 2ஆம் நாள் மாலை, ஒடிசா மாநிலம் பாலசோர் அருகே பாகாநகா பஜார் நிலையத்தில் கோரமண்டல் விரைவு வண்டி விபத்துக்குள்ளாயிற்று. வங்கத்திலும் ஒடிசாவிலும் வாழும் தமிழருக்கு அது வெறும் வண்டியன்று. ஊரிலிருந்து முருக்கும் ஊறுகாயும் கொண்டு வருவது. தாய்வீட்டுக்குப் பெண்ணை அழைத்துப் போவது. அன்று நேர்பாதையில் செல்லப் பச்சை விளக்கு எரிந்தது. பாதையோ சரக்கு வண்டி நின்ற பக்கப் பாதைக்குத் திரும்பியிருந்தது. முழு வேகத்தில் வந்த வண்டி சரக்கு வண்டியில் மோதிச் சிதறிற்று. மறு திசையில் சென்ற ஹௌரா வண்டியும் அச்சிதைவில் சிக்கிற்று. 290க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

சிக்னலும் பாதையும் ஒன்றுக்கொன்று முரணாகக் கூடாது என்பதுதான் அர்மாவுக்குப் பின் எழுதப்பட்ட விதி. 134 ஆண்டுகளுக்குப் பின் அதே விதி எவ்வாறு பொய்த்தது? பாதுகாப்பு ஆணையரின் விசாரணை காரணத்தைக் கூறிற்று. முன்பொரு முறை சிக்னல் கம்பிகளை மாற்றியபோது தவறாக இணைத்துவிட்டனர். வரைபடத்தில் அது திருத்தப்படவில்லை. பின்னர் லெவல் கிராசிங் தடுப்பை மாற்றும் வேலை நடந்தபோது அத்தவறு உயிர்களைக் கொண்டு போயிற்று. இன்னும் ஒன்று. அதற்கு ஓராண்டுக்கு முன், 2022ஆம் ஆண்டு மே மாதம், மற்றொரு நிலையத்தில் இதே போன்ற கம்பித் தவறால் சிக்னலும் பாதையும் முரண்பட்டன. அன்று உயிர்ச்சேதம் இல்லை. அந்த எச்சரிக்கையைக் கருத்தில் கொண்டு பரிகாரம் செய்திருந்தால் பாலசோர் நேர்ந்திராது என்று விசாரணை கூறிற்று. உயிர் போகாத பிழை இறைவன் அனுப்பும் இலவசக் கடிதம். அதைப் பிரிக்காமல் வைப்பவருக்கு அடுத்த கடிதம் இலவசமாக வருவதில்லை.

வள்ளுவப் பெருந்தகை பொச்சாவாமை என்று ஓர் அதிகாரமே வகுத்திருக்கிறார். பொச்சாப்பு என்பது மகிழ்ச்சி மிகுதியால் வரும் மறதி. துன்பத்தில் இருப்பவன் மறப்பதில்லை; நன்றாக இருப்பவனே மறக்கிறான். பத்தாண்டுகள் விபத்தில்லாமல் கழிந்தால், “இந்த விதி எதற்கு?” என்று தோன்றத் தொடங்குகிறது. அந்த விதி இருந்ததனால்தான் பத்தாண்டுகள் விபத்தில்லாமல் கழிந்தன என்பது மறந்து போகிறது.

தோழர்களே, விழாவென்றால் மகிழ்ச்சி மிகும் நாள். ஆகவே விழாவைப் பற்றியே இரண்டு செய்திகள் கூறுவோம். 1995ஆம் ஆண்டு டிசம்பர் 23ஆம் நாள் அரியானா மாநிலத்தில் டப்வாலி என்னும் ஊரில் ஒரு பள்ளியின் ஆண்டு விழா நடந்தது. நம்மைப் போலவே பெற்றோரும் பிள்ளைகளும் ஒரு பந்தலின் கீழ் கூடியிருந்தனர். பந்தலில் தீப்பற்றியது. எரிந்து உருகிய துணி கூட்டத்தின் மேல் விழுந்தது. வெளியேறப் போதிய வழியில்லை. நெரிசலும் தீயும் சேர்ந்து சில நிமிடங்களில் 400க்கும் மேற்பட்டோரைப் பலி கொண்டன. அடுத்தது நம் குடந்தை மாநகரில். 2004ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் நாள் பள்ளிச் சமையலறைத் தீ கீற்றுக் கூரைக்குத் தாவி 94 குழந்தைகளைக் கொன்றது. அதன் பின்னரே தமிழகமெங்கும் பள்ளிகளில் கீற்றுக் கூரைகள் அகற்றப்பட்டன. அங்கும் விதி பின்னால் வந்தது. குழந்தைகள் முன்னால் சென்றனர்.

இதனை ஏன் இங்கு கூறுகிறோம் என்றால், வருகின்ற பொங்கல் விழா நாடகத்துக்குப் பந்தலை நாற்புறமும் தகரம் வைத்து அடைத்து, ஒரே வாயில் வைக்கலாம் என்று நம் பெரியோர் சிலர் யோசனை கூறியிருக்கின்றனர். நன்கொடைச் சீட்டு வாங்காதவர் உள்ளே புகுந்துவிடுகின்றனர், சங்கத்துக்கு நட்டம் என்பது அவர்கள் கவலை. அக்கவலை நியாயமானது. சங்கத்தின் கணக்கை இரவெல்லாம் கண் விழித்து எழுதும் பொருளாளர் அவர்களின் துன்பம் எழுத்தராகிய நமக்குத் தெரியாததன்று. ஆனால் அர்மாவில் கதவுகளைப் பூட்டியதும் டிக்கெட் இல்லாதவரைத் தடுக்கவே. பூட்டியவர் கொடியவர் அல்லர், கணக்கில் கண்ணுடையவர். சீட்டில்லாமல் ஐம்பது பேர் நாடகம் பார்த்தால் நம் சங்கம் அழிந்து போகாது. சீட்டு வாங்கிய ஐந்நூறு பேர் வெளியே வர ஒரே வாயில் இருந்தால், அன்று நேரும் நட்டத்தை எழுத எந்தப் பேரேட்டிலும் இடமிராது.

ஆகவே செயற்குழுவின் முன் பணிவோடு சில வேண்டுகோள்களை வைக்கிறோம். பந்தலுக்கு மூன்று பக்கமும் வாயில்கள் இருக்கட்டும். அவற்றின் குறுக்கே நாற்காலியோ கயிறோ வேண்டா. மேடைக்கு மேலே கீற்றும் பிளாஸ்டிக் விரிப்பும் வேண்டா. விளக்குக் கம்பிகளைத் தெரிந்த எலெக்ட்ரீஷியனே இணைக்கட்டும். முறுக்கி ஒட்டிய கம்பி ஒன்றும் பந்தலைத் தொடலாகாது. பொங்கல் அடுப்பும் வாயுச் சிலிண்டரும் பந்தலுக்கு அப்பால் காற்றின் திசை பார்த்து அமையட்டும். மணல் வாளிகளும் தீயணைப்புக் கருவியும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். இறுதியாக, நாடகம் பார்க்காமல் வாயில்களையே பார்த்துக்கொண்டிருக்க நான்கு இளைஞர்கள் முன்வர வேண்டும். மழைக்காலத்தில் பாதை காப்பவரைப் போல அவர்களுக்குக் கைதட்டல் கிடைக்காது. முதல் பெயராக நம் பெயரை எழுதிக்கொள்ளலாம்.

தாய்மார்களுக்கும் ஒரு விண்ணப்பம். சந்தைக்குப் போகும் மேம்பாலம் சுற்றுவழி என்று, யார்டில் நிற்கும் சரக்கு வண்டியின் அடியில் குனிந்து பிள்ளைகளோடு கடந்து செல்லும் பழக்கம் நம் காலனியில் பெருகி வருகிறது. நிற்கின்ற வண்டி நின்றுகொண்டே இருக்கும் என்பதற்கு யாரும் உறுதி கூற முடியாது. எஞ்சின் மறுமுனையில் அரை மைலுக்கு அப்பால் இருக்கும். அது அசைவது உங்களுக்குத் தெரியாது. நீங்கள் குனிவது டிரைவருக்குத் தெரியாது. படியேறும் பத்து நிமிடத்தைப் பிள்ளையின் ஆயுளில் சேர்த்துக் கணக்கிடுங்கள். ரயில்வே ஊழியர் வீட்டுப் பிள்ளையே விதியை மீறினால், ஊரார் பிள்ளைக்கு யார் கற்பிப்பது?

அன்பர்களே! பிழைப்புக்காகப் பிறந்த மண்ணைவிட்டு வந்தவர்கள் நாம். இங்கு நமக்குச் சொத்து என்று நிலமில்லை, தோப்பில்லை. ஒருவருக்கு ஒருவர் துணை என்பதும், வளர்ந்து வரும் நம் மக்களுமே சொத்து. தலையில் எழுதிய விதியை யாரும் படித்ததில்லை. தாளில் எழுதிய விதியை எல்லோரும் படிக்கலாம், படித்தபடி நடக்கலாம், பழுதுபட்டால் திருத்தியும் எழுதலாம். படிக்க முடியாத விதிக்கு அஞ்சிப் படிக்கக்கூடிய விதியைக் கைவிடுவது அறிவுடைமை ஆகாது. நம் பிள்ளைகள் நூறாண்டு வாழ, நம் சங்கம் அவர்களுக்கு இரு பக்கமும் திறந்த வாயில்களோடு நிற்கட்டும் என்று வேண்டி அமைகின்றோம்.